நாற்பதுக்கு மிகாமல்

மூதூர் லோஞ்சின் நெற்றியில் ஒரு தகரம்:
பயணிகள் நாற்பதுக்கு மிகாமல்.
உப்புக்காற்று 'மி'யைத் தின்று முடித்துவிட்டது.
'நாற்பதுக்கு காமல்' என்று வாசித்துச் சிரிக்கும்
பள்ளிக்கூடப் பெடியன்களுக்கும்
நான்தான் டிக்கெட் கிழித்துக் கொடுப்பது.

டிக்கெட் கட்டின் பின்மட்டையில்
அதே தகரத்தை இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:
ப ≤ 40
x போடச் சொல்கிறது பாடநூல்.
என் ஆட்களுக்கு அப்படியொரு பேர் வைக்க மனம் வரவில்லை.

மூன்றாம் தடவை எழுதுகிறேன் சாதாரண தரக் கணிதம்.
சித்தி இல்லாமல் நிரந்தர நியமனம் இல்லை.
வயது முப்பத்தாறு.
மண்டபத்தில் என் முன்மேசைக்காரி
மகளின் வகுப்புத் தோழியாக இருக்கக் கூடாது என்று
நேர்ந்து வைத்திருக்கிறேன்.

கணக்குப் போடுவது கஷ்டமில்லை.
கணக்கு பேசும் தமிழ்தான் வழுக்கும்.
'ஓர் எண்ணிலும் ஐந்து குறைவு', இது நல்ல பிள்ளை,
சொல் வந்த வரிசையிலேயே குறியும் வந்து நிற்கும்:
x − 5.
ஆனால்
'குறைந்தது ஐந்து பேர்' என்றால் ஐந்தும் அதற்கு மேலும்.
'ஐந்து பேர் குறைந்தது' என்றால் ஐந்து பேரைக் காணவில்லை.
ஒரே சொல்தான். முன்னுக்கிருந்து பின்னுக்குப் போனதும்
ஏறின ஆட்கள் இறங்கிவிடுகிறார்கள்.

சுக்கானி தவநேசன் இறங்குதுறையில் நின்று கத்துவார்:
"இருபதாவது ஏறட்டும், பிறகு எடுப்பம்!"
தலைக்கு நூற்றைம்பது, டீசலுக்கு மூவாயிரம்.
150ப ≥ 3000 என்பதைத்தான்
அவர் தொண்டையால் எழுதுகிறார்.
கொழும்பிலிருந்து வந்த ஒருவர்
பவ்வியமாய் என்னிடம் கேட்டார்:
"தங்கச்சி, அந்த இருபதாவது ஆள் நான்தானா?"

இருபதுக்குக் கீழே நட்டம், நாற்பதுக்கு மேலே வழக்கு.
நடுவில் மிதக்கிறது என் சம்பளம்.

போன கிழமை உட்துறைமுக வீதியில்
பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு புள்ளிமான்
கைப்பையிலிருந்து கடந்தகால வினாத்தாளை
இழுத்துத் தின்றது.
இந்த ஊர் மான்களுக்குப் புல்லும் ஒன்று, தாளும் ஒன்று.
ஏழாம் வினாவில் மீந்தது இவ்வளவு:
'தந்தையின் வயது மகனின் வயதிலும்'
தெரியாக்கணியம் அதன் வாய்க்குள்.
என்னைப் பார்த்தபடி, அவசரமில்லாமல்,
தீர்த்துக்கொண்டிருந்தது.

நேற்று ஐந்தரை, கடைசி லோஞ்சு.
எண்ணி முடித்தேன்: முப்பத்தொன்பது.
வீட்டுக்குப் போகும் நான் நாற்பது.
கயிறு அவிழ்க்கிற நேரம்
ஆஸ்பத்திரித் துண்டும் கையுமாய் ஓடி வந்தாள் ஜெஸீமா,
மார்பில் ஆறு நாள் குழந்தை.
தவநேசன் தகரத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

≤ என்ற குறிக்குக் கீழே ஒரு சின்னக் கோடு உண்டு,
நாற்பதாவது ஆள் கால் வைக்க.
அதில் இரண்டு பேர் நிற்க ஏலாது.

இறங்கினேன்.
40 − 1 + 1.
கைக்குழந்தைக்கு டிக்கெட் இல்லை,
ஆகவே கூட்டு: பூச்சியம்.
அந்தப் பூச்சியம்
லோஞ்சு வளைந்து திரும்பும்வரை
கரை முழுக்கக் கேட்க அழுதது.

பிறகு குடாவைச் சுற்றி பஸ்ஸில்.
பஸ்ஸில் தகரமெல்லாம் கிடையாது.
"உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க,
இடமிருக்கு" என்கிறான் கொண்டக்டர்.
இதை எந்தக் குறியால் எழுதுவது என்று
ஒற்றைக் காலில் நின்று யோசித்தேன்
கிண்ணியாப் பாலம் வரைக்கும்.

அங்கே இன்னும் ஏழு பேர் ஏறினார்கள்.